எந்த உறுப்பினரின் அலுவலகம்? பொறியியல் முடித்த நெல்லைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பொறியியல் முடித்துவிட்டு ஓராண்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவியாளராக இருக்கலாம் என்ற செய்தி இப்போதுதான் நம் பக்கத்துக் கல்லூரிகளில் பரவிக்கொண்டிருக்கிறது. இதில் பெயர் பெற்றது, டெல்லியில் உள்ள பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு 2010 முதல் நடத்திவரும் லேம்ப் பெலோஷிப். எந்தப் பட்டப்படிப்பு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். வயது 25-க்குள் இருக்க வேண்டும். ஒரு பெலோவுக்கு ஒரு எம்.பி. மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி, பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை முழுநேர வேலை. நடத்துவது தனி அமைப்பு என்றாலும், வேலை நடக்கும் இடம் நாடாளுமன்றம்.

யாரிடம் சேர்வது என்பது முழுக்க நம் கையில் இல்லை, ஏற்பாடு அந்த அமைப்பின் வழியாகத்தான். ஆனாலும் எனக்கு எப்படிப்பட்ட அலுவலகம் வேண்டும், ஏன் வேண்டும் என்ற தெளிவோடு போகிறவருக்கும் இல்லாமல் போகிறவருக்கும் அந்த ஓராண்டு ஒன்றாக இருக்காது. பெலோஷிப் எதுவும் இல்லாமல் ஓர் உறுப்பினரை நேரடியாக அணுகிச் சேர நினைப்பவர்களுக்கு இந்தத் தெளிவு இன்னும் அவசியம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அரசுத் துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வரும். அலுவலகத்தில் அதை 'எல்.ஏ.க்யூ.' என்போம். சென்னையிலிருந்து போன் வந்தால் மற்ற வேலையெல்லாம் நிற்கும். மாலைக்குள் வரைவுப் பதில் போயாக வேண்டும். அப்படிப் பதில் எழுதி எழுதி, எந்த உறுப்பினரின் கேள்வி எங்களை நகர்த்தியது, எது நகர்த்தவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 'வாய்க்காலைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா?' என்று கேட்டால், 'நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். 'கன்னடியன் கால்வாயில் இந்தச் செயினேஜிலிருந்து (கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து அளக்கும் தூரம்) இந்தச் செயினேஜ் வரை கரை சரிந்திருக்கிறது, மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது?' என்று கேட்டுவிட்டால் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரில் போயே ஆக வேண்டும். இரண்டாவது மாதிரிக் கேள்வியை ஒரு பொறியாளர் எழுதித் தர முடியும். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் பழையது. அங்கே பொறியாளர் சங்கங்கள் 1973-லேயே தங்கள் ஆட்களை நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டன. பெலோவே பல அலுவலகங்களுக்குப் போய்ப் பேசிப் பார்த்து, செனட்டரிடமா, கீழவை உறுப்பினரிடமா, அல்லது ஒரு குழுவிலா என்று தேர்ந்தெடுக்கிறார். நம் நாட்டில் குழுவில் நேரடியாகப் போய் உட்கார வழியில்லை. குழுக்களின் வேலையைச் செய்பவர்கள் இரு அவைகளின் செயலக அலுவலர்கள். நமக்கு இருப்பது உறுப்பினர் ஒருவரின் அலுவலகம் மட்டுமே. ஆகவே எந்த உறுப்பினர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், உங்கள் பிரச்சினைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

என் அக்கா மகள் மின் பொறியியல் முடித்தவள். போன வருடம் இந்த பெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, "மாமா, நம்மூரு எம்.பி. நல்லதா, பெரிய தலைவர் யாராவது நல்லதா?" என்று கேட்டாள். அவள் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "நம்மூரு எம்.பி.ட்டயே இருக்கட்டுமே, அடிக்கடி ஊருக்கு வந்துட்டுப் போவால்லா?" என்றாள் அக்கா. இருவரும் ஆளை வைத்து யோசித்தார்கள். நான் அவளிடம் திருப்பிக் கேட்டது, "நீ எந்தப் பிரச்சினையைக் கையில எடுத்துட்டுப் போற?" என்பதுதான்.

நெல்லைச் சீமையில் ஒரு பொறியாளர் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் ஏராளம். ஆனால் அவை எல்லாம் ஒரே கதவைத் தட்டித் திறப்பவை அல்ல. தாமிரபரணியை எடுத்துக்கொள்வோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் தண்ணீரும் பாசனமும் மாநிலப் பட்டியலில் 17-ஆம் இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவதுதான் மத்தியப் பட்டியலின் 56-ஆம் இனம். அதனால் பாபநாசத்தின் 143 அடியையும் மணிமுத்தாற்றின் 118 அடியையும் எப்போது எவ்வளவு திறப்பது, மருதூர் அணைக்கட்டிலும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் மணலை எப்போது அள்ளுவது என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது சென்னை. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாயும் மாநிலத் திட்டமே. இந்த ஆற்றுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் சிவில் பொறியாளர் ஒருவர் டெல்லி போய் உட்கார்ந்தால், 'தண்ணீர் மாநிலப் பொருள்' என்ற வாசகத்தோடு தொடங்கும் பதில்களைத்தான் அவர் நிறையப் படிப்பார். கல்குவாரியும் அப்படியே: சிறு கனிமங்களுக்கு விதி எழுதும் அதிகாரம், 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, மாநிலத்திடம் இருக்கிறது.

கூடங்குளம் இதற்கு நேர் எதிர். அணுசக்தி முழுக்க மத்திய அரசின் பொருள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், ரயில் பாதைகள், தேசிய நெடுஞ்சாலை, கடற்கரை மணலில் உள்ள அணுக் கனிமங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. பயன்படுத்திய எரிபொருளை எங்கே எப்படி வைப்பது என்று இடிந்தகரைக்காரர் கேட்கும் கேள்விக்கு நாட்டின் மொத்தப் பொறுப்போடு பதில் சொல்லக்கூடிய இடம் நாடாளுமன்றம் மட்டுமே.

நடுவில் இருப்பது மின்சாரம். அது பொதுப்பட்டியல், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக் காற்று வந்து நம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. ராதாபுரம் பக்கமும் கயத்தாறு பக்கமும் நிற்கும் பழைய காற்றாலைகளில் நிறைய, ஒரு மெகாவாட்டுக்கும் குறைந்த திறன் கொண்டவை. அவற்றை இறக்கிவிட்டுப் பெரியதை நிறுத்துவதற்கு மத்திய அரசும் கொள்கை வைத்திருக்கிறது, மாநில அரசும் 2024-இல் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலை நிறுவ உதவும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இதில் ஆர்வம் உள்ளவருக்கு டெல்லியிலும் வேலை உண்டு, சென்னையிலும் வேலை உண்டு. அக்கா மகள் எடுத்தது இதைத்தான்.

இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சொந்தத் தொகுதி எம்.பி.

திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் ஆலங்குளம், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை. இங்கே எம்.பி.யின் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சட்டம் பேச வருவதில்லை. ரயில் நிற்க வேண்டும், ஆபரேஷனுக்குப் பிரதமர் நிவாரண நிதிக் கடிதம் வேண்டும், வளைகுடாவில் மகன் மாட்டிக்கொண்டான், சமுதாயக்கூடம் வேண்டும் என்றுதான் வருவார்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்த் தொகுதி மேம்பாட்டு நிதிக்கு வரும் மனுக்கள் தனிக் கட்டு. நியாயமான தேவைகள்தான் எல்லாம். ஆனால் பெலோ அந்த வெள்ளத்தில் இறங்கினால், ஓராண்டும் கடிதம் தட்டச்சு செய்வதிலேயே போய்விடக்கூடும்.

அங்கே பொறியாளருக்கென்றே ஒரு நல்ல வேலையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. திஷா எனப்படும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு 2016 முதல் இயங்குகிறது, தலைமை எம்.பி.க்கு. ஆட்சியர் அலுவலகத்தில் எல்லாத் துறையும் உட்கார்ந்திருக்க, மத்திய நிதியில் நடக்கும் வேலைகளை அவர் ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. குழாய் போட்டாயிற்று என்ற கணக்கு மேசைக்கு வரும். குழாயில் 55 லிட்டர் வருகிறதா என்று திசையன்விளைப் பக்கம் நாலு ஊருக்குப் போய் அளந்து, தேதியோடு எழுதி எம்.பி.யிடம் கொடுக்கும் ஆள் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இருந்தால், கூட்டத்தின் நிறமே மாறும். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், அளந்த எண்ணுக்கு முன்னால் எந்தத் துறையும் மழுப்ப முடியாது.

ஆக, சொந்தத் தொகுதி எம்.பி. மோசமான தேர்வு இல்லை. திஷாவையும் கேள்விகளையும் உங்களிடம் ஒப்படைப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் போகலாம்.

மாநிலங்களவை உறுப்பினர்

தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். அந்த 18 பேருக்கு ஆறாண்டுப் பதவிக்காலம், அலுவலகத்தில் மனுக் கூட்டமும் குறைவு. படிக்கவும் எழுதவும் நேரம் கிடைக்கும் இடம் இது. தொகுதி நிதியையும் மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் செலவிடலாம்.

இந்த அவை என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று சட்டமாவது 1970-க்குப் பிறகு நடக்கவில்லை. இதுவும் மக்களவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை. ஆனாலும் பின்னால் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டிய நிலையை உண்டாக்கிய முயற்சிகளில் இது முக்கியமானது. மசோதா எழுதிப் பார்க்க ஆசைப்படும் பெலோவுக்கு மாநிலங்களவை ஏற்ற இடம்.

குறையும் உண்டு. ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்குக் கேட்கும் தொகையான மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் அதிகாரம் மக்களவைக்குத்தான். பண மசோதாவில் மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரை மட்டுமே செய்யலாம். இன்னொன்று, கட்சியின் மூத்த தலைவர்கள் பலர் இந்த அவையில் இருப்பார்கள். அவர்கள் அலுவலகத்தில் கட்சி வேலையும் சேர்ந்தே நடக்கும். 'கட்சிக்காரின்னு முத்திரை குத்திட்டா நாளைக்கு வேலைக்கு யார் கூப்பிடுவா?' என்ற பயம் நம் வீடுகளில் நிஜமான பயம். பெலோவின் வேலை அவைப் பணி, தேர்தல் பணி அல்ல என்பதை முதல் வாரத்திலேயே மரியாதையாகப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

உங்கள் துறையின் நிலைக்குழுவில் இருப்பவர், எந்த ஊர்க்காரராக இருந்தாலும்

என் ஓட்டு இதற்குத்தான்.

அமைச்சகங்களின் வேலையையும் செலவையும் ஆராயும் எம்.பி.க்களின் குழுக்களான துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். எரிசக்திக் குழுவின் கீழ் மின்துறையும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையும் வருகின்றன. அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் குழுவின் கீழ் விண்வெளியோடு அணுசக்தியும் வருகிறது. கூடங்குளத்தில் அக்கறை உள்ளவர் கவனிக்க வேண்டியது இந்தக் குழுவை. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் இந்தக் குழுக்கள் வரி வரியாகப் பார்க்கின்றன. செயலாளர் நிலை அதிகாரிகள் நேரில் வந்து பதில் சொல்கிறார்கள்.

இந்தக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பவை. உறுப்பினரின் உதவியாளர் உள்ளே போக முடியாது. இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. உறுப்பினர் உள்ளே தனியாகத்தான் போகிறார், கட்டுக்கட்டாக வந்த அமைச்சகக் குறிப்புகளோடு. அவற்றை முந்தின இரவு படித்து, 'போன ஆண்டு ஒதுக்கியதில் இவ்வளவு செலவாகவில்லை, காரணம் கேளுங்கள். இந்த மின்தடம் இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள்' என்று ஒற்றைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பவரின் உழைப்பு அந்த அறைக்குள் போகிறது. மின் ஓட்டமும் மின்தட வரைபடமும் புரிந்த ஒருவர் எழுதும் பக்கத்துக்கும், செய்தித்தாளைப் பார்த்து எழுதும் பக்கத்துக்கும் வித்தியாசம் அதிகாரிகளுக்கு உடனே தெரியும்.

அவையில் நடப்பது வேறு மாதிரி. 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவு இருந்தால் உறுப்பினர் தன் கட்சி சொல்கிறபடிதான் வாக்களிக்க முடியும். விவாதத்தில் நேரம் கட்சியின் எண்ணிக்கைப்படி பிரிக்கப்படுவதால், சிறிய கட்சிக்காரருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். குழுவில் அந்தக் கெடுபிடி குறைவு. கட்சி வேறுபாட்டைத் தாண்டி ஒரே அறிக்கையில் பேர் போடுகிறார்கள்.

வெளிமாநிலத்தவர் என்றால் மொழி ஒரு தடையாகலாம். இந்தி பேசும் மாநில உறுப்பினரின் அலுவலகத்தில் மனு, தொலைபேசி, அரட்டை எல்லாம் இந்தியில் நடக்கும். குழு ஆவணங்கள் ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால் எழுத்து வேலை நிற்காது. ஆனால் தனியாக விடப்பட்ட உணர்வு வரும். கேரளம், ஆந்திரம், கர்நாடகம் பக்கத்து உறுப்பினர்களின் அலுவலகங்களில் ஆங்கிலத்தைக் கொண்டு சமாளித்துவிடலாம்.

எம்.எல்.ஏ. அலுவலகம்

ஆற்றையும் குளத்தையும் குவாரியையும் கையில் எடுத்தவர்கள் டெல்லியை மறந்துவிட்டு இங்கே பார்க்க வேண்டும். எம்.எல்.ஏ. நிதி ஆண்டுக்கு 3 கோடி. மானியக் கோரிக்கை வரும்போது துறை தரும் கொள்கை விளக்கக் குறிப்பில், எந்த வாய்க்கால், எந்த அணைக்கட்டு, எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு களத்தில் போய் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறியாளர் ஓர் எம்.எல்.ஏ.விடம் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பதில் எழுத வேண்டியவன் நானாக இருந்தேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் நின்றுபோனார்கள். அந்த வெள்ளத்தில் எந்தக் குளத்துக்கரை எங்கே உடைந்தது, திரும்பக் கட்டியது எந்த மட்டத்துக்கு என்பதையெல்லாம் ஊர் ஊராகத் தொகுத்துச் சட்டமன்றத்தில் கேட்க இன்னும் இடமிருக்கிறது.

சிக்கல், இதற்கு லேம்ப் மாதிரி உதவித்தொகையோடு வழி இல்லை. எம்.எல்.ஏ.வே மனம் வைத்து ஏதாவது கொடுத்தால்தான் உண்டு. கல்விக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் ஓராண்டு சம்பளமில்லாமல் இரு என்று யாரையும் நான் சொல்ல மாட்டேன். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது துறைகளோடு வேலை செய்வது, உறுப்பினரின் அலுவலகம் அல்ல. சரி, வேலையில் இருந்துகொண்டே கூட்டத்தொடர் சமயத்தில் மட்டும் கேள்வி தயாரித்துக் கொடுப்பது பலருக்கு நடக்கக்கூடிய வழி. நன்றாகத் தயாரித்த கேள்வி வந்தால் வேண்டாம் என்று சொல்லும் எம்.எல்.ஏ.வை நான் பார்த்ததில்லை.

ஆளை எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு வந்த பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. வருகை விவரத்தை பி.ஆர்.எஸ். தளமும் தொகுத்துத் தருகிறது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். அதனால் பல அலுவலகங்கள் அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தது வரட்டும் என்று இருந்துவிடும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு எடுப்பது 20 கேள்விதான். எழுத்துப் பதில் 230. நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரே விஷயத்தை அவர் அடுத்த கூட்டத்தொடரிலும் தொடர்ந்து கேட்டிருக்கிறாரா என்பது. அமைச்சர் ஒரு பதிலில் உறுதி கொடுத்தால் அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; உறுதிமொழிக் குழு அதைக் கவனிக்கிறது. அதை விடாமல் பிடித்துக்கொள்ளும் உறுப்பினர் முதல்முறை எம்.பி.யாக இருந்தாலும், பேர் தெரியாதவராக இருந்தாலும், அவரிடம் போங்கள்.

அப்புறம், அலுவலகத்தில் இப்போது இருக்கும் உதவியாளரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். கேள்விகளை யார் எழுதுகிறார்கள்? குழுக் குறிப்புகள் உங்கள் பார்வைக்கு வருமா? வாரத்தில் எத்தனை முறை உறுப்பினரோடு நேரில் உட்கார முடிகிறது? மூன்றுக்கும் பதில் தயங்கித் தயங்கி வந்தால், எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் வேறு இடம் பார்ப்பது நல்லது.

அக்கா மகளுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் எரிசக்திக் குழுவில் இருக்கும் தென்மாநில உறுப்பினர், எந்தக் கட்சியானாலும். அது அமையாவிட்டால் தமிழ்நாட்டு மாநிலங்களவை உறுப்பினர். மூன்றாவதாக நம்மூர் எம்.பி., திஷா வேலையைத் தருவதாகச் சொன்னால் மட்டும். அவளே சிவில் படித்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருந்தால், இந்த வரிசையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பக்கத்து எம்.எல்.ஏ.விடம் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தேன். ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களைப் பார்த்து, சீசனில் மின்கட்டமைப்பு (கிரிட்) அவர்களின் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளாமல் காற்றாலையை நிறுத்தச் சொன்ன மணிநேரங்களை அவர்களின் பதிவேட்டிலிருந்து எழுதிக்கொண்டு போ என்றேன். எந்த அலுவலகம் அமைந்தாலும் முதல் கேள்விக்கு முன்னறிவிப்புக் கொடுக்க அந்தத் தாள்கள் போதும்.